தகரம் மாதிரி இருக்கும் விமானம் இரும்புத் தூணை அறுக்குமா? டீக்கடை விவாதத்துக்கு விடை சொல்லும் 5 மோதல்கள்

சேலம்,

"ஏனுங்கண்ணா, பிளேனு வெறும் அலுமினியத் தகடுதானுங்க. அது போயி இரும்புத் தூணை எப்படீங்க அறுக்கும்?"

"அதான் நானும் கேக்கறேன். மண்ணெண்ணெய் ஊத்தி பத்த வெச்சா இரும்பு உருகுமா? உருகாதுல்ல. அப்புறம் அத்தனை பெரிய கட்டிடம் எப்படி விழுந்துச்சு?"

நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் லாரி பாடி கட்டும் பட்டறை, ரிக் வண்டி பட்டறை அருகே இருக்கும் டீக்கடைகளில் பெஞ்சு போட்டு உட்கார்ந்தால், என்றாவது ஒருநாள் இந்தப் பேச்சு வராமல் போகாது. 2001-ம் ஆண்டு அமெரிக்காவில் இரட்டை கோபுரங்கள் விழுந்தபோது தொடங்கிய சந்தேகம் இது. 2025-ல் அகமதாபாத்தில் விமானம் மாணவர் விடுதி மீது விழுந்த பிறகு மறுபடியும் தலைதூக்கியது.

பட்டறையில் தினமும் இரும்போடும் அலுமினியத்தோடும் மல்லுக்கட்டும் ஆட்களுக்கு இந்தச் சந்தேகம் வருவதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் இதற்கான விடையும் அதே பட்டறைக்குள்தான் இருக்கிறது. அது பற்றிய விவரம் வருமாறு:-

32 வினாடியில் முடிந்த பயணம்

2025 ஜூன் 12-ந் தேதி பிற்பகல் 1.38 மணிக்கு அகமதாபாத்தில் இருந்து லண்டனுக்கு ஏர் இந்தியா விமானம் புறப்பட்டது. போயிங் 787 ரகம். உள்ளே 230 பயணிகள், 12 ஊழியர்கள் என 242 பேர்.

மேலே எழும்பிய சுமார் 32 வினாடிகளில் விமானம் தரைக்கு வந்து விட்டது. அது விழுந்த இடம் பி.ஜே. மருத்துவக் கல்லூரி மாணவர் விடுதி வளாகம். மதிய சாப்பாட்டு நேரம். உணவுக் கூடத்தில் தட்டை வைத்துக் கொண்டு உட்கார்ந்திருந்த மாணவர்கள் தலையில் இடி விழுந்தது போல் ஆனது.

விமானத்தில் இருந்த 241 பேர் பலியானார்கள். ஒரே ஒரு பயணி மட்டும் உயிர் தப்பினார். தரையில் இருந்தவர்களில் 19 பேர் உயிரிழந்தனர். மொத்தம் 260 பேர்.

2025 ஜூலையில் வெளியான முதற்கட்ட விசாரணை அறிக்கை, என்ஜின்களுக்கு எரிபொருள் அனுப்பும் 2 சுவிட்சுகளும் 1 வினாடி இடைவெளியில் அடுத்தடுத்து நிறுத்தப்படும் நிலைக்கு மாறியதாகச் சொன்னது. ஒரு விமானி, "ஏன் நிறுத்தினாய்?" என்று கேட்பதும், "நான் நிறுத்தவில்லை" என்று மற்றவர் சொல்வதும் ஒலிப்பதிவில் இருந்ததாகவும் அதில் கூறப்பட்டது.

அந்த அறிக்கையில் இருந்த இன்னும் 3 எண்கள்தான் டீக்கடை விவாதத்துக்கு முக்கியம். புறப்பட்டபோது விமானத்தின் எடை 213 டன். அதில் எரிபொருள் மட்டும் 54 டன். எட்டிய உச்ச வேகம் மணிக்கு சுமார் 333 கி.மீ.

54 டன் எரிபொருள் என்றால் லிட்டர் கணக்கில் சுமார் 67 ஆயிரம். 20 ஆயிரம் லிட்டர் கொள்ளளவு உள்ள டேங்கர் லாரிகள் 3 நிரம்பி, அதற்கு மேலும் மிஞ்சும்.

விமானம் தகரமா?

முதலில் இந்தக் கேள்விக்கு வருவோம். விமானத்தின் மேல் தோல் மெல்லிசுதான். ஆணி கொண்டு அடித்தால் ஓட்டை விழும். ஆனால் லாரியின் கேபின் தகடு கூட மெல்லிசுதான். அதைப் பார்த்து 'லாரி தகரம்' என்று சொல்லி யாராவது எதிரே போய் நிற்பார்களா?

லாரிக்கு சேஸ், ஆக்சில், என்ஜின் இருப்பது போல விமானத்துக்கும் உண்டு. தரையிறங்கும் சக்கரங்களின் கால்கள் கனத்த உருக்கினால் ஆனவை. என்ஜின் ஒவ்வொன்றும் சில டன் எடை. அதன் உள்ளே இருப்பது டைட்டானியம், உருக்கு போன்ற கடினமான உலோகங்கள். இறக்கைகளுக்குள் டன் கணக்கில் எரிபொருள்.

அகமதாபாத்தில் விழுந்த 787 ரகத்தில் அலுமினியம் கூட குறைவு. அதன் எடையில் பாதி கார்பன் நார் கலந்த கலவைப் பொருள்.

ஆக, கட்டிடத்தில் மோதுவது வெறும் தகடு அல்ல. தகட்டுக்குள் பொதிந்து வைத்த 100 டன், 200 டன் எடை. அதுவும் பறக்கும் வேகத்தில்.

லாரி கணக்கு

மோதலின் வலு எடையை மட்டும் பொறுத்தது இல்லை. வேகம்தான் பெரிய ஆள். எடை 2 மடங்கானால் மோதும் வலுவும் 2 மடங்காகும். ஆனால் வேகம் 2 மடங்கானால் வலு 4 மடங்காகும். வேகம் 3 மடங்கானால் 9 மடங்கு. லாரி ஓட்டுபவர்களுக்கு இது அனுபவத்திலேயே தெரியும். 30-ல் போகும்போது பிரேக் பிடித்து நிற்கும் தூரம் வேறு. 60-ல் போகும்போது வேறு.

நமக்கு புரியும்படி ஒரு கணக்கு வைத்துக் கொள்வோம். சரக்கோடு 25 டன் எடையுள்ள லாரி ஒன்று 60 கி.மீ. வேகத்தில் வந்து சுவரில் மோதுகிறது. அந்த வலுவை 'ஒரு லாரி' என்று வைத்துக் கொண்டால், 213 டன் விமானம் 333 கி.மீ. வேகத்தில் மோதுவது சுமார் 260 லாரிகள் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் வந்து இடிப்பதற்கு சமம். உச்ச வேகத்தை வைத்துப் போட்ட கணக்கு இது. விழும்போது வேகம் குறைந்திருந்தால் எண்ணிக்கையும் குறையும்.

இந்த லாரி கணக்கை கையில் வைத்துக் கொண்டு மற்ற மோதல்களைப் பார்த்தால் பல முடிச்சுகள் அவிழும்.

கிணற்றில் குதித்தவருக்கு தெரியும்

"அலுமினியம் மெது, இரும்பு கெட்டி. மெதுவான பொருள் கெட்டியான பொருளை எப்படி உடைக்கும்?" என்பது அடுத்த கேள்வி.

சேலம், நாமக்கல் பக்கம் கிணற்றில் நீச்சல் பழகியவர்களுக்கு இதற்கு பதில் சொல்ல வேண்டியதே இல்லை. மேட்டில் இருந்து தலைகீழாக குதித்தால் தண்ணீர் வழி விடும். அதே உயரத்தில் இருந்து வயிறு அடிபட விழுந்தால்? நெஞ்சு சிவந்து மூச்சு நின்று விடும். அதே தண்ணீர்தான். காதில் ஊற்றினால் வலிக்காத தண்ணீர், வேகமாக மோதும்போது பலகை போல ஆகி விடுகிறது.

பெரிய வேகத்தில் மெதுவான பொருளும் வழி விட நேரம் இல்லாமல் கெட்டிப் பொருள் போல அடிக்கும். பறக்கும் விமானத்தின் கண்ணாடியில் ஒரு பறவை மோதினால் கண்ணாடி விரிசல் விடுவதும் இதனால்தான். பறவையின் உடம்பு கண்ணாடியை விட கெட்டியா என்ன?

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 10-ம் வகுப்பு அறிவியல் பாடத்தில் வரும் நியூட்டனின் 3-வது விதி இங்கேயும் உண்டு. விமானம் தூணை எவ்வளவு அடிக்கிறதோ, தூணும் விமானத்தை அவ்வளவே அடிக்கும். ஆகவே விமானம் முழுசாக உள்ளே போய் முழுசாக வெளியே வருவது கிடையாது. தூணும் அறுபடும். விமானமும் சின்னாபின்னமாகும். எது முதலில் தாங்காமல் போகிறது என்பதுதான் கேள்வி. அதற்கு எதிரே நிற்கும் சுவரின் கனத்தைப் பார்க்க வேண்டும்.

திருச்சி சுவரை உடைத்துப் பறந்த விமானம்

இதற்கு நம்ம பக்கத்திலேயே ஒரு சாட்சி இருக்கிறது. 2018 அக்டோபர் 12-ந் தேதி அதிகாலை, திருச்சி விமான நிலையத்தில் இருந்து துபாய்க்கு புறப்பட்ட ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம், ஓடுதள முனையில் இருந்த ஆன்டெனா கம்பங்களையும் விமான நிலைய சுற்றுச்சுவரையும் இடித்துத் தள்ளியது. உள்ளே 136 பேர்.

சுவர் இடிந்து கற்கள் சிதறின. விமானத்தின் அடிவயிறு கிழிந்தது. ஆனால் விமானம் விழவில்லை. அப்படியே கடல் மீது பறந்து போய், பிறகு திருப்பி விடப்பட்டு மும்பையில் பத்திரமாக இறங்கியது. யாருக்கும் காயம் இல்லை. இறங்கிய பிறகு கிழிசலைப் பார்த்தவர்களுக்குத்தான் குலை நடுங்கியது.

இங்கே 'தகரம்' எப்படி ஜெயித்தது? சுற்றுச்சுவரின் மேல் பகுதி மட்டுமே விமானத்தில் பட்டது. அந்தச் சுவர் விமானத்தைத் தாங்க கட்டப்பட்டது அல்ல. ஆன்டெனா கம்பங்களோ, மோதினால் தானாக ஒடிந்து விழும்படி வேண்டுமென்றே செய்யப்படுபவை. ஓடுதளம் அருகே இருக்கும் கருவிகள் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று உலக அளவில் விதியே இருக்கிறது. எதிரே நின்றது பலவீனம். அதனால் விமானம் தப்பியது.

கொழும்பில் நடந்தது

2009 பிப்ரவரி 20-ந் தேதி இரவு. இலங்கையில் இறுதிக்கட்ட போர் நடந்து கொண்டிருந்த நேரம். விடுதலைப்புலிகளின் 2 சிறிய விமானங்கள் கொழும்பு பக்கம் வந்தன. ஒன்று கட்டுநாயக்க பகுதியில் சுட்டு வீழ்த்தப்பட்டது. இன்னொன்று கொழும்பு நகரில் உள்ள உள்நாட்டு வருமான வரித்துறை அலுவலக அடுக்குமாடி கட்டிடத்தில் மோதியது.

கட்டிடத்தில் இருந்தவர்கள் 2 பேர் இறந்தனர். 40-க்கும் மேற்பட்டோர் காயம் அடைந்தனர். மாடிகளில் தீப்பிடித்தது. சுவர்கள் பெயர்ந்தன. ஆனால் கட்டிடம் விழவில்லை.

காரணம், வந்தது செக் நாட்டு தயாரிப்பான சிறிய சிலின் ரக விமானம். அதன் எடை ஒன்றே கால் டன் சொச்சம்தான். ஒரு கார் அளவு. அந்த ரக விமானங்கள் பறக்கும் வேகத்தை வைத்துப் பார்த்தால், மோதலின் வலு நம்ம கணக்குப்படி 'ஒரு லாரி'க்கும் சற்று குறைவு. ஒரு லாரி மோதினால் அடுக்குமாடி கட்டிடம் அடிபடும். விழாது.

சனிக்கிழமை மோதல், திங்கட்கிழமை திறப்பு

அடுத்தது அமெரிக்கா. 1945 ஜூலை 28-ந் தேதி சனிக்கிழமை. நியூயார்க்கில் கடும் மூடுபனி. வழி தெரியாமல் வந்த ராணுவத்தின் பி-25 குண்டுவீச்சு விமானம், அப்போது உலகிலேயே உயரமான எம்பயர் ஸ்டேட் கட்டிடத்தின் 79-வது மாடி அருகே மோதியது. 14 பேர் பலியானார்கள்.

விமானத்தின் எடை சுமார் 10 டன். வேகம் சுமார் 320 கி.மீ. நம்ம கணக்கில் 11 லாரிகள்.

ஒரு என்ஜின் கட்டிடத்தின் ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் வெளியேறி, பக்கத்து கட்டிட கூரையில் போய் விழுந்தது. இன்னொரு என்ஜின் லிப்ட் குழிக்குள் விழுந்தது. லிப்ட் கயிறு அறுந்து 75 மாடி கீழே விழுந்த லிப்டில் இருந்த பெண் ஊழியர் உயிர் பிழைத்தது இன்று வரை அதிசயமாகப் பேசப்படுகிறது.

தீயை சுமார் 40 நிமிடத்தில் அணைத்து விட்டார்கள். திங்கட்கிழமை கட்டிடத்தின் பெரும்பாலான மாடிகள் வேலைக்குத் திறக்கப்பட்டன.

இங்கே இரண்டு விஷயம். அடித்தது 11 லாரி. தீ சீக்கிரம் அணைந்தது. இந்த இரண்டாவது விஷயத்தை ஞாபகத்தில் வைத்துக் கொள்ளவும்.

விமானத்தைத் தூளாக்கிய சுவர்

சுவர் கனமாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கும் பதில் உண்டு. 1988 ஏப்ரல் மாதம் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் ஒரு சோதனை நடத்தினார்கள். விமானம் கான்கிரீட்டில் மோதும்போது எவ்வளவு விசை உண்டாகிறது என்று அளப்பதற்காக. எப்-4 ரக போர் விமானத்தை தண்டவாளம் போன்ற பாதையில் ராக்கெட் வைத்துத் தள்ளி, மணிக்கு சுமார் 770 கி.மீ. வேகத்தில் ஒரு கான்கிரீட் பாளத்தில் மோத விட்டார்கள். பாளத்தின் கனம் 12 அடி. விமானத்தில் எரிபொருளுக்கு பதில் தண்ணீர் நிரப்பி இருந்தார்கள்.

மோதிய நொடியில் விமானம் தூள் தூளாகி புகை மாதிரி சிதறியது. கான்கிரீட்டில் ஏற்பட்ட பள்ளம் சில சென்டி மீட்டர்தான். அதுவும் என்ஜின் பட்ட இடத்தில்தான் அதிகம்.

அந்த வீடியோவைப் பார்த்து விட்டு, "பாருங்க, விமானம் தூளாயிடுச்சு. அப்போ அமெரிக்க கோபுரத்துல மட்டும் எப்படி உள்ளே போச்சு?" என்று கேட்பவர்கள் உண்டு. 12 அடி கனமுள்ள பாளத்தையும் கண்ணாடி ஜன்னல் வைத்த ஆபீஸ் கட்டிடத்தையும் ஒன்றாக வைத்தால் அப்படித்தான் குழப்பம் வரும்.

கோபுரத் தூணின் கனம் கால் அங்குலம்

நியூயார்க் இரட்டை கோபுரங்களின் வெளிப்பக்கம் முழுக்க இரும்புப் பெட்டித் தூண்கள். ஒவ்வொரு கோபுரத்துக்கும் 236. இரண்டு தூண்களுக்கு இடையே சுமார் ஒரு மீட்டர் தூரம். அடி மாடிகளில் தூணின் தகடு பல அங்குல கனம். மேலே போகப்போக சுமை குறைவதால் தகடும் மெலியும். விமானம் மோதிய உயரத்தில் தகட்டின் கனம் சுமார் கால் அங்குலம். அதாவது 6 மி.மீ. பட்டறைக்காரர்களுக்கு இந்தக் கனம் எவ்வளவு என்று சொல்லித் தர வேண்டியது இல்லை.

2001 செப்டம்பர் 11-ந் தேதி காலை 8.46 மணிக்கு வடக்கு கோபுரத்தில் முதல் விமானம் மோதியது. போயிங் 767 ரகம். எடை சுமார் 128 டன். வேகம் மணிக்கு 710 கி.மீ. லாரி கணக்கில் 700-க்கு மேல். 9.03 மணிக்கு தெற்கு கோபுரத்தில் மோதிய விமானத்தின் வேகம் இன்னும் அதிகம். மணிக்கு சுமார் 870 கி.மீ. லாரி கணக்கில் 1,000-க்கு மேல்.

கணக்கை வரிசையாகப் போட்டால் இப்படி வரும்:-

கொழும்பு (2009): ஒரு லாரிக்கும் குறைவு.

எம்பயர் ஸ்டேட் (1945): சுமார் 11 லாரி.

அகமதாபாத் (2025): அதிகபட்சம் சுமார் 260 லாரி.

நியூயார்க் வடக்கு கோபுரம் (2001): 700 லாரிக்கு மேல்.

நியூயார்க் தெற்கு கோபுரம் (2001): 1,000 லாரிக்கு மேல்.

விமானம் நுழைந்த வேகத்தில் வடக்கு கோபுரத்தின் வெளித் தூண்களில் 35 அறுந்தன என்று அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனம் பல ஆண்டு விசாரணைக்குப் பிறகு அறிக்கை தந்தது. தெற்கு கோபுரத்தில் அறுந்தவை 33. உள்ளே நடுவில் இருந்த தூண்களிலும் சில அறுந்தன.

இவ்வளவு நடந்தும் இரண்டு கோபுரங்களும் உடனே விழவில்லை. மீதி இருந்த தூண்கள் சுமையைப் பகிர்ந்து கொண்டன. 1,000 லாரி அடியைத் தாங்கி நின்ற கட்டிடங்கள் அவை. அப்புறம் விழ வைத்தது எது?

கோட்டை அடுப்பில் தொய்ந்த கம்பி

தீதான். அதற்குத்தான் அந்த மண்ணெண்ணெய் கேள்வி.

விமான எரிபொருள் மண்ணெண்ணெய் வகையைச் சேர்ந்தது என்பது உண்மை. கட்டிடத்தில் எரிந்த தீயில் இரும்பு உருகாது என்பதும் உண்மை. இரும்பு உருக சுமார் 1,500 டிகிரி வெப்பம் வேண்டும். ஆனால் கட்டிடம் விழுவதற்கு இரும்பு உருக வேண்டிய அவசியமே இல்லை.

கொல்லன் பட்டறைக்கு போய்ப் பாருங்கள். உலையில் வைத்த இரும்பு உருகி ஓடுவது இல்லை. சிவக்கிறது. சிவந்ததும் சுத்தியலால் ரெண்டு தட்டு தட்டினால் அரிவாளாக வளைகிறது. குளிர்ந்த இரும்பில் அதே சுத்தியல் அடித்தால் 'டங்' என்ற சத்தம் மட்டும்தான் வரும். சுமார் 600 டிகிரி வெப்பத்தில் இரும்பின் பலம் பாதியாகக் குறைந்து விடும்.

"எங்க வீட்டு அடுப்புல வெச்ச இரும்புச் சட்டி வளையலையே" என்று கேட்கலாம். சட்டி மேல் சுமை இல்லை. கல்யாண வீட்டு கோட்டை அடுப்பில் அண்டாவைத் தாங்க குறுக்கே போட்ட கம்பியைப் பாருங்கள். நாலு விருந்து சமைத்த பிறகு நடுவில் தொய்ந்து கிடக்கும். சூடும் சுமையும் ஒன்று சேர்ந்தால் இரும்பு தொய்யும்.

கோபுரங்களில் இதுதான் நடந்தது. இரும்பு சூடாகாமல் இருக்க அதன் மேல் தீ தடுப்பு பூச்சு பூசி இருந்தார்கள். விமானம் மோதிய அதிர்ச்சியில் பல இடங்களில் அந்தப் பூச்சு உதிர்ந்து விட்டது. எரிபொருள் சில நிமிடங்களில் எரிந்து தீர்ந்தது. ஆனால் அது பற்ற வைத்த மேஜை, நாற்காலி, காகிதக் கட்டு, தரை விரிப்பு எல்லாம் எரிந்து கொண்டே இருந்தன. மாடித் தளங்கள் தொய்ந்து, வெளித் தூண்களை உள்பக்கமாக இழுத்தன. ஏற்கனவே கூடுதல் சுமையில் இருந்த தூண்கள் உள்வாங்கி வளைந்தன. அதற்கு மேல் இருந்த மாடிகளின் எடை மொத்தமாக இறங்கியது.

தெற்கு கோபுரம் 56 நிமிடம் நின்று விழுந்தது. வடக்கு கோபுரம் 102 நிமிடம் நின்று விழுந்தது.

எம்பயர் ஸ்டேட் கட்டிடத்தில் தீ 40 நிமிடத்தில் அணைந்ததை இங்கே சேர்த்துப் பார்த்தால் விஷயம் விளங்கும்.

விமானமே மோதாத 7-வது கட்டிடம்

விவாதத்தில் விவரம் தெரிந்தவர்கள் கடைசியாக எடுக்கும் அஸ்திரம் இது. அதே வளாகத்தில் இருந்த 47 மாடி கொண்ட 7-வது கட்டிடத்தில் எந்த விமானமும் மோதவில்லை. ஆனாலும் அன்று மாலை 5.20 மணிக்கு விழுந்தது. "அது எப்படி?" என்று கேட்பார்கள்.

வடக்கு கோபுரம் விழுந்தபோது தெறித்த இடிபாடுகளால் அந்தக் கட்டிடத்தில் தீப்பிடித்தது. தண்ணீர் குழாய்கள் சேதம் அடைந்ததால் தானியங்கி தெளிப்பான்கள் வேலை செய்யவில்லை. பல மணி நேரம் தீ எரிந்தது. இரும்பு சூடானால் நீளும். மாட்டு வண்டி சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போடுவதைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். பட்டையைச் சுட்டு விரிய வைத்து மாட்டி, தண்ணீர் ஊற்றினால் சுருங்கிப் பிடித்துக் கொள்ளும். அந்தக் கட்டிடத்தில் நீண்ட விட்டங்கள் சூட்டில் நீண்டு, ஒரு பெரிய உத்திரத்தை அது உட்கார்ந்திருந்த இடத்தில் இருந்து தள்ளி விட்டன. அதில் தொடங்கிய சரிவு கட்டிடத்தையே விழ வைத்தது என்று 2008-ல் வந்த விசாரணை அறிக்கை சொன்னது.

அடித்தது தீ. அதுவும் யாரும் அணைக்காத தீ.

உயிரைத் தீர்மானித்தது படிக்கட்டு

விமானம் மோதுவது ஒரு நொடி சமாச்சாரம். அதற்குப் பிறகு இருந்த 56 நிமிடமும் 102 நிமிடமும்தான் பல ஆயிரம் பேரின் உயிரைத் தீர்மானித்தது.

வடக்கு கோபுரத்தில் இருந்த 3 படிக்கட்டுகளையும் விமானம் துண்டித்து விட்டது. மோதிய மாடிகளுக்கு மேலே இருந்தவர்களில் ஒருவர் கூட பிழைக்கவில்லை. தெற்கு கோபுரத்தில் ஒரு படிக்கட்டு மட்டும் தப்பியது. மோதிய மாடிகளிலும் அதற்கு மேலும் இருந்தவர்களில் 18 பேர் அதன் வழியாக இறங்கி வந்தார்கள். மோதிய மாடிகளுக்கு கீழே இருந்தவர்களில் கிட்டத்தட்ட எல்லோருமே தப்பினார்கள். காரணம், படிக்கட்டு இருந்தது. இறங்க நேரமும் இருந்தது.

தமிழ்நாட்டுக்கு இந்தப் பாடம் புதிது இல்லை. 2004 ஜூலை 16-ந் தேதி கும்பகோணம் பள்ளியில் 94 குழந்தைகள் கருகியபோது எந்த விமானமும் மோதவில்லை. கூரையில் தீ. வெளியேற வசதி இல்லாத குறுகலான படிக்கட்டு. அவ்வளவுதான்.

அகமதாபாத்தில் உணவுக் கூடத்தில் இருந்தவர்களுக்கு அந்த நேரமும் கிடைக்கவில்லை. மூன்று டேங்கருக்கும் மேலான எரிபொருளோடு விமானம் தலைக்கு மேல் வந்து விழும்போது எந்தக் கட்டிடமாக இருந்தாலும் பாதுகாப்பு இல்லை. அந்த மாதிரி இடத்தில் உயிரைக் காப்பது சுவரின் கனம் அல்ல. விமானம் ஏறி இறங்கும் பாதைக்கும் கட்டிடத்துக்கும் நடுவே இருக்கும் தூரம்.

கமலாபுரத்துக்கும் இது பொருந்தும்

ஓமலூர் அருகே கமலாபுரத்தில் இருக்கும் சேலம் விமான நிலையத்தின் ஓடுதளம் சுமார் 6 ஆயிரம் அடி நீளம். 2018 மார்ச்சில் சென்னைக்கு விமான சேவை தொடங்கி, நடுவில் நின்று, 2023 அக்டோபரில் மறுபடியும் தொடங்கியது. இங்கே வந்து போனவை ஏ.டி.ஆர். 72 ரக சிறிய விமானங்கள். புறப்படும்போது அதன் எடை அதிகபட்சம் 23 டன். சரக்கு ஏற்றிய ஒரு நாமக்கல் லாரி அளவுதான். ஆனால் அது தரையை விட்டு எழும்பும் வேகம் மணிக்கு 200 கி.மீ.க்கு மேல். கணக்குப் போட்டால் எம்பயர் ஸ்டேட்டில் மோதிய விமானத்தின் வலுவும் இதுவும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

விமான நிலைய விரிவாக்கத்துக்கு கமலாபுரம், பொட்டியபுரம், தும்பிப்பாடி, சிக்கனம்பட்டி கிராமங்களில் நிலம் எடுக்கும் அறிவிப்பு வந்தபோது விவசாயிகள் எதிர்த்துப் போராடினார்கள். நிலம் போவது பற்றிய அந்தப் பேச்சு ஒருபக்கம் இருக்க, நிலையத்தைச் சுற்றி வீடு கட்டுவோர் தெரிந்து கொள்ள வேண்டியது ஒன்று உண்டு.

விமானம் ஏறி இறங்கும் பாதையில் எந்த இடத்தில் எவ்வளவு உயரம் கட்டலாம் என்பதற்கு மத்திய அரசின் 2015-ம் ஆண்டு விதிகள் உள்ளன. வீடு மட்டும் அல்ல. செல்போன் கோபுரம், தண்ணீர் தொட்டி, ஆலை புகைபோக்கி எல்லாமே இந்தக் கணக்கில் வரும். குறிப்பிட்ட பகுதிகளில் கட்டுவதற்கு முன்பு இந்திய விமான நிலையங்கள் ஆணையத்திடம் தடையில்லா சான்று வாங்க வேண்டும். "நம்ம ஊருக்கு வர்றது சின்ன பிளேன்தானே, யார் கேக்கப் போறாங்க" என்று ஒரு மாடி கூடுதலாக ஏற்றுபவர்கள், அந்த 11 லாரி கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

அகமதாபாத் விமானம் கட்டிடங்களில் மோதுவதற்கு முன்பு முதலில் உரசியது மரங்களையும் ஒரு புகைபோக்கியையும்தான் என்று முதற்கட்ட அறிக்கை சொல்கிறது.

டீக்கடை விவாதம் நாளைக்கும் நடக்கும். "தகரம் எப்படிங்க இரும்பை அறுக்கும்?" என்று யாராவது கேட்டால், அவரை எழுப்பி கூட்டிப்போய் பக்கத்து கொல்லன் பட்டறையில் சிவந்த இரும்பைக் காட்டலாம். அப்படியே அவர் வேலை பார்க்கும் கட்டிடத்தின் பின்பக்க படிக்கட்டு கதவு பூட்டி இருக்கிறதா, திறந்து இருக்கிறதா என்றும் கேட்டு வைக்கலாம்.